மாமாவோட பேஸ் கிட்டாரும் பாம்பன் உப்புக்காத்தும்

போன எபிசோடுல பெரிய பெரிய விஷயமா பேசிட்டோம். இந்த வாரம் ரொம்பச் சின்னப் பொருள். நாலு துண்டு உலோகம், நாலையும் உள்ளங்கையில வச்சு மூடிக்கலாம். பேஸ் கிட்டார்ல கம்பி வந்து உட்காருற இடம், சேடில்னு சொல்லுவாங்க. அது எங்கிருந்து வந்துச்சு, ஏன் அப்படி இருக்கு, அது செத்துப் போனா ராமநாதபுரம் கடற்கரையில உட்கார்ந்துகிட்டு புதுசா எப்படிச் செய்யுறது? இதுதான் இன்னைக்குக் கதை.

கேக்குறவங்கள்ல பாதிப் பேர் பேஸ் கிட்டாரைத் தொட்டிருக்க மாட்டீங்க. பரவாயில்லை. ஒரு பாட்டைக் கேக்கும்போது உங்க காலு தானா தரையில தட்டுது பாருங்க, அந்த வேலையைப் பாதி டிரம்ஸும் பாதி பேஸும் பார்க்குது. மேடையில யாரும் கவனிக்காத ஆளு, ஆனா அவர் நிறுத்திட்டா பாட்டு தொங்கிடும்.

எங்க மாமா அப்படி ஒரு ஆளு.

பரண்ல இருந்து இறங்கின பெட்டி

மாமாவுக்கு ஊரு மண்டபம். எண்பதுகள்லயும் தொண்ணூறுகள்லயும் மெல்லிசைக் குழுவுல பேஸ் வாசிச்சாரு. பரமக்குடி, முதுகுளத்தூர், கீழக்கரை, தங்கச்சிமடம்னு எங்க திருவிழா நடந்தாலும் போவாங்க. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சா விடியக்காலம் வரைக்கும் கச்சேரி. முன்னாடி நின்னு பாடுறவங்களுக்கு மாலை விழும். பின்னாடி ஆம்ப்ளிஃபையர் பக்கத்துல நிக்குற மாமாவுக்கு டீ வரும், அவ்வளவுதான்.

அவர் முதல்ல பேஸைக் கேட்டது ரேடியோவுல. எங்க கரையில இலங்கை வானொலி ரொம்பத் தெளிவாக் கேக்கும். எழுபதுகள்ல அங்கே தமிழ்ப் பொப்பிசைன்னு ஒரு அலை இருந்துச்சு. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் இவங்க பாட்டெல்லாம் கடல் தாண்டி வரும். அதுக்கப்புறம் 1976-ல 'அன்னக்கிளி' வந்துச்சு. அடுத்த சில வருஷத்துல இளையராஜா பாட்டுல பேஸ் கிட்டாருக்குன்னே தனியா ஒரு மெட்டு ஓட ஆரம்பிச்சிருச்சு. அதை வாசிச்ச சசிதரன் பேரை மாமா சொல்லும்போது குரலே மாறும். என் தலைமுறை ஆளுங்களுக்கு ரஹ்மான் பாட்டுல கீத் பீட்டர்ஸ் எப்படியோ, அவருக்கு இவரு.

போன வருஷம் பொங்கலுக்குப் போனப்போ அத்தை பரணைச் சுத்தம் பண்ணச் சொன்னாங்க. கறுப்பு ரெக்சின் பெட்டி இறங்குச்சு. திறந்தா, மரம் நல்லா இருக்கு, கழுத்துப் பகுதி நேரா இருக்கு. ஆனா இரும்பெல்லாம் போயிருச்சு. சேடில் நாலும் செம்பழுப்பாப் பொரிஞ்சு கிடக்கு. ஸ்க்ரூ திரும்பவே இல்லை. ஒரு சேடிலுக்கு அடியில வெள்ளையா மாவு மாதிரி ஏதோ இருந்துச்சு. சுரண்டிப் பார்த்தா, சதுர வடிவ அஞ்சு காசு. வருஷம் எது, தலை எதுன்னே தெரியாம அரிச்சுப் போயிருந்துச்சு.

"மாமா, இது எதுக்கு இங்க?"

"அந்தப் பக்கம் உயரம் வைக்குற ஸ்க்ரூ சாயல்குடி கச்சேரியில எங்கயோ விழுந்துருச்சு மாப்ள. கம்பி இறங்கி ஃபிரெட்டுல மோதி நறநறன்னு சத்தம். டீக்கடையில மிச்சம் வாங்குன காசை அடியில குடுத்தேன். அப்புறம் எடுக்கவே இல்ல."

ஒரு ராத்திரிக்குன்னு வச்ச காசு, முப்பது வருஷம் அங்கேயே இருந்திருக்கு. நாம புரொடக்‌ஷன்ல போடுற தற்காலிக ஃபிக்ஸ் மாதிரியேதான்.

ஒரு ரேடியோ மெக்கானிக் செஞ்ச வேலை

இப்ப கொஞ்சம் பின்னாடி போவோம். பேஸ் கிட்டாருக்கு முன்னாடி அந்த வேலையைப் பார்த்தது டபுள் பேஸ். ஆளு உயரத்துக்கு மேல இருக்கும், நிறுத்தி வச்சு வாசிக்கணும். பழைய தமிழ் சினிமா இசைக்குழு படங்கள்ல ஓரமா நிக்குறதைப் பார்த்திருப்பீங்க. ரெண்டு பிரச்சனை. ஒண்ணு, தூக்கிட்டுப் போறது. இன்னொண்ணு, அதுல ஃபிரெட் கிடையாது. விரல் துளி நகர்ந்தாலும் சுருதி விலகிடும்.

1930கள்ல அமெரிக்காவுல சியாட்டில் நகரத்துல பால் டுட்மார்க்னு ஒருத்தர் குறுக்கே வச்சு வாசிக்குற ஃபிரெட் போட்ட மின்சார பேஸ் செஞ்சாரு. அது ஓடலை. 1951-ல கலிபோர்னியாவுல லியோ ஃபெண்டர் கொண்டு வந்ததுதான் உலகத்தையே பிடிச்சுச்சு. இவர் இசைக்கலைஞர் இல்லை. கிட்டார் வாசிக்கத் தெரியாது. ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவரு. ஃபிரெட் இருக்குறதால சுருதி துல்லியமா வரும்னு சொல்லி அதுக்கு ப்ரிசிஷன் பேஸ்னு பேரு வச்சாரு.

ரிப்பேர்க்காரரோட புத்தி அந்தக் கருவி முழுக்கத் தெரியும். கழுத்தை உடம்போட ஒட்டலை, நாலு ஸ்க்ரூவுல முடுக்கினாரு. பிரிட்ஜ்னு பெரிசா ஒண்ணும் கிடையாது. மடிச்ச ஒரு தகடு, அது மேல சேடில், சில ஸ்க்ரூ. எது கெட்டாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வச்சுக் கழட்டி மாத்திடலாம். நாம இன்னைக்கு மாடுலர் டிசைன்னு மீட்டிங்ல பேசுறதை அவர் 1951-லயே மரத்துலயும் தகட்டுலயும் எழுதிட்டாரு.

ஆனா முதல் வெர்ஷன்ல ஒரு பக் இருந்துச்சு. நாலு கம்பிக்கு ரெண்டே சேடில். அது ஏன் தப்புன்னு கொஞ்சம் பார்க்கணும்.

ஒரு கம்பியோட நீளத்துல சரிபாதியை அழுத்தினா அதே சுரம் மேல் ஸ்தாயியில வரணும். ஃபெண்டர் பேஸ்ல கம்பியோட நீளம் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். பாதி 432. கணக்குப்படி அவ்வளவுதான். ஆனா கம்பியை ஃபிரெட் மேல அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபடுது, இழுபட்டா சுருதி ஏறுது. தடிச்ச கம்பி அதிகமா ஏறும், மெல்லிசு குறைவா ஏறும். அந்த ஏத்தத்தைச் சரிக்கட்ட ஒவ்வொரு கம்பிக்கும் சேடிலைக் கொஞ்சம் கொஞ்சம் பின்னாடி தள்ளணும். தடிச்ச கம்பிக்கு அதிகம், மெல்லிசுக்குக் குறைவு. ரெண்டு கம்பி ஒரே சேடில்ல உட்கார்ந்தா ஒண்ணைச் சரி பண்ணா இன்னொண்ணு கெடும். 1957-ல அதை மாத்தி, நாலு கம்பிக்கு நாலு சேடில் வச்சாங்க. எங்க மாமாவோட கிட்டார் ஏதோ உள்ளூர்ல செஞ்ச நகல்தான், ஆனா அந்த 1957 ஏற்பாட்டோட நகல்.

இந்த இடத்துல வீணையை நினைச்சுக்கோங்க. வீணையில கம்பி ஏறி உட்காருற மரத்துண்டுக்குத் தமிழ்ல குதிரைன்னு பேரு, மேல ஒரு உலோகத் தகடு இருக்கும். சேடில்னா இங்கிலீஷ்ல குதிரைச் சேணம். ரெண்டு ஊர்க்காரங்களும் கம்பி ஏறி உட்காருற இடத்தைப் பார்த்துக் குதிரையைத்தான் நினைச்சிருக்காங்க. ஆனா தீர்வு நேர் எதிர். பேஸ்ல ஃபிரெட் மரத்துல இறங்கி அசையாம இருக்கு, அதனால சேடிலை நகர்த்துறோம். வீணையில 24 மெட்டும் மெழுகுல உட்கார்ந்திருக்கு. மேளம் கட்டுறவர் ஒவ்வொரு மெட்டையும் காதால கேட்டுக் கேட்டு நகர்த்தி வைப்பாரு. ஒரே பிழை, ரெண்டு விதத் திருத்தம்.

கருவியை நம்ம கைக்கு ஏத்த மாதிரி மாத்துறது நமக்கும் புதுசு இல்லை. மாண்டலின் ஸ்ரீநிவாஸை எடுத்துக்கோங்க. மாண்டலின்னா நாலு ஜோடியா எட்டுக் கம்பி. கர்நாடக இசையோட கமகத்துக்கு ஜோடிக் கம்பி சரிவராது. அவர் வாசிச்சது ஒத்தை ஒத்தையா அஞ்சு கம்பி போட்ட மின்சார மாண்டலின்.

படகுக் கடையில வாங்கின எபாக்ஸி

எழுபதுகள்ல அமெரிக்காவுல ஒரு புதுத் தொழில் கிளம்புச்சு. கம்பெனி குடுத்த பாகம் பிடிக்கலைன்னா கழட்டி எறிஞ்சுட்டு வேற போடுறது. லியோ ஃபெண்டர் எல்லாத்தையும் ஸ்க்ரூவுல முடுக்கினதாலதான் இது நடந்துச்சு. அலெம்பிக்னு ஒரு நிறுவனம் கனமான பித்தளை பாகங்களைப் பிரபலமாக்குச்சு. லியோ குவான்ங்கிற பேர்ல வந்த பேட்ஆஸ் பிரிட்ஜை, மெல்லிசுத் தகட்டைக் கழட்டிட்டு அந்த இடத்துலயே முடுக்கிக்கிட்டாங்க. கனம் கூடினா ஒலி நீண்டு நிக்கும்னு ஒரு நம்பிக்கை. எவ்வளவு வித்தியாசம்னு இன்னைக்கும் சண்டை ஓயலை.

இதுக்கெல்லாம் நேர் எதிரா ஒருத்தர், ஜேம்ஸ் ஜேமர்சன். மோடவுன் பாட்டுகளோட பேஸ் ஆளு. கம்பியே மாத்த மாட்டாரு. பிரிட்ஜ் மூடிக்கு அடியில ஃபோம் வச்சு ஒலியை அடக்கியே வாசிச்சாரு. பாப் இசையோட பேஸ் மொழியில பெரும்பகுதி அந்தப் பழைய கம்பியில பிறந்ததுதான்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச கதை ஜாக்கோ பாஸ்டோரியஸ். ஃபுளோரிடாவுல ஃபோர்ட் லாடர்டேல்னு ஒரு கடற்கரை ஊர்ல வளர்ந்தவரு. ஃபெண்டர் ஜாஸ் பேஸ் ஒண்ணுல இருந்து ஃபிரெட்டையெல்லாம் பிடுங்கிட்டாரு. அவர் போட்ட கம்பி சொரசொரப்பு, வெறும் மரத்தை அறுத்துரும். அதனால படகுக்குப் பூசுற எபாக்ஸியை வாங்கி விரல் பலகை மேல பூசினாரு. கண்ணாடி மாதிரி கெட்டியா நின்னுச்சு. 1976-ல அவரோட முதல் ஆல்பம் வந்தப்போ பேஸ் இப்படிப் பாடுமான்னு உலகமே திரும்பிப் பார்த்துச்சு. அந்தக் குரல்ல பாதி விரல், மீதி படகுச் சாமான்.

கடற்கரை ஊர்ல கிட்டார் கடை இருக்காது, படகுக் கடை இருக்கும். இதைப் படிச்சப்போதான் எனக்கு மண்டபம் ஞாபகம் வந்துச்சு.

துரு தின்னதை அளந்த கதை

முதல்ல சோம்பேறித்தனமா ஆன்லைன்ல ஒரு பிரிட்ஜ் வாங்கினேன். ஓட்டை பொருந்தலை. நகல் செஞ்சவங்க அவங்க இஷ்டத்துக்கு அளவு வச்சிருக்காங்க. புது ஓட்டை போட்டா மாமா கிட்டார்ல பழைய ஓட்டை அஞ்சும் காயம் மாதிரி தெரியும். மனசு வரலை. அதனால செஞ்சுதான் பார்த்துருவோமேன்னு வெர்னியர் வச்சு எல்லாத்தையும் அளந்து, கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, பிரிண்ட் எடுத்துக்கிட்டு, விசைப்படகுக்கு வேலை பார்க்குற ஒரு லேத் பட்டறைக்குப் போனேன்.

பட்டறை அண்ணன் அன்னைக்கு ஒரு படகோட புரொப்பல்லர் ஷாஃப்டைத் திருப்பிக்கிட்டிருந்தாரு. மூணு மீட்டர் ஷாஃப்ட் சுத்துற இடத்துல நான் ரெண்டு செண்டிமீட்டர் சாமானை நீட்டுறேன். சிரிக்கலை. என் வரைபடத்தைப் பார்த்தாரு, பழைய சேடிலைப் பார்த்தாரு.

"தம்பி, இதை எதுல இருந்து அளந்தீங்க?"

"இந்தப் பழசுல இருந்துதாண்ணே."

"இது துரு தின்னது. தின்னது போக மிச்சத்தை அளந்து வந்திருக்கீங்க. தின்னுறதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?"

நான் முழிச்சேன். வரைபடத்துல ரெண்டு டெசிமல் வரைக்கும் துல்லியம், ஆனா அளந்ததே தப்பான பொருள். வரலாறு படிக்குற நமக்கும் இது பொருந்தும்னு அப்புறம் தோணுச்சு. கையில கிடைக்குறது எப்பவுமே மிச்சம்தான்.

அதனால மிச்சத்தை விட்டுட்டு, வேலையில இருந்து அளக்கச் சொன்னாரு. கம்பி எங்க நிக்கணும்? அதுக்கு ஆதாரம் கிட்டார்லயே இருந்துச்சு. மேல் நட்டுல இருந்து பன்னெண்டாவது ஃபிரெட் வரைக்கும் அளந்து ரெண்டால பெருக்கு, அடிப்படை நீளம் வந்துரும். கம்பி ஃபிரெட்டுக்கு மேல எவ்வளவு உயரத்துல போகணும்? விரல் பலகை தட்டையா இல்லை, நடுவுல லேசா மேடு. ஆக சேடில் நாலும் ஒரே உயரம் இருக்கக் கூடாது. நான் நாலையும் ஒண்ணாவே வரைஞ்சிருந்தேன்.

அடுத்தது எந்த உலோகம். அஞ்சு காசு ஏன் மாவாச்சுங்கிறதுக்குப் பதில் இங்கதான் இருக்கு. அந்தக் காசு அலுமினியம். ரெண்டு வேற வேற உலோகம் தொட்டுக்கிட்டு, நடுவுல உப்பு ஈரமும் இருந்தா, அது ஒரு குட்டி பேட்டரி. ரெண்டுல பலவீனமானது கரைஞ்சு மத்ததைக் காப்பாத்தும். கப்பல் அடியில துத்தநாகக் கட்டி மாட்டி வைக்குறது இதுக்குத்தான். அலுமினியம் முதல்ல கரைஞ்சுச்சு, கூடவே குரோம் உரிஞ்ச இரும்பும் தன் பங்குக்குத் துருப்பிடிச்சுச்சு.

கடைசியில முடிவு பண்ணது இதுதான். தகடு, ஸ்க்ரூ எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ். சாதாரண 304-ல இல்லாத மாலிப்டினம் இதுல ரெண்டு மூணு சதவீதம் இருக்கு, உப்பைத் தாங்குறது அதனாலதான். சேடில் பித்தளை. பித்தளையும் ஸ்டெயின்லெஸ்ஸும் தொட்டா பிரச்சனை வராதான்னு கேட்டேன். வரும், ஆனா ரெண்டுக்கும் இடைவெளி சின்னது, கரையப் போற பித்தளை பெரிசு, ஸ்க்ரூ சின்னது, அதனால மெதுவாத்தான் நடக்கும்னு விளக்கினாரு. படகுல தினம் பார்க்குற விஷயம் அவருக்கு. ஷாஃப்ட், புரொப்பல்லர், போல்ட்னு எல்லாத்துலயும் இதே கணக்குதான்.

பித்தளைக் கம்பியை வெட்டி, முகம் திருப்பி, குறுக்கே துளை போட்டு, மூணு மில்லிமீட்டர் மரை வெட்டினாரு. முதல் சேடிலுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு, அடுத்த மூணும் ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. கம்பி உட்காருற பள்ளத்தை மட்டும் என்னையே அரத்தால அராவச் சொன்னாரு. நாலு கம்பியும் சேர்ந்து இழுக்குற விசை சுமார் 75 கிலோ. ஓரம் கூர்மையா விட்டா கம்பி அங்கேயே அறுந்துரும்.

பாலம்

அன்னைக்குச் சாயங்காலம் பாம்பன் சாலைப் பாலத்து மேல நின்னு ரெண்டு ரயில் பாலத்தையும் பார்த்துக்கிட்டிருந்தேன். பழசும் புதுசும் பக்கத்துப் பக்கத்துல.

பழைய பாலம் 1914 பிப்ரவரி 24-ல திறந்தது. 145 கண், ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. நடுவுல கப்பலுக்கு வழிவிடத் திறக்குற ஷெர்சர் பகுதியைக் கையால சுத்தித்தான் தூக்குவாங்க. உலகத்துலயே உப்பு அரிப்பு அதிகமான இடத்துல மியாமிக்கு அடுத்தது பாம்பன்னு ரயில்வேகாரங்க அடிக்கடி சொல்லுவாங்க. மியாமிக்குப் பக்கத்து ஊருதான் ஜாக்கோவோட ஃபோர்ட் லாடர்டேல்!

1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போச்சு, ஒரு பயணிகள் ரயில் போச்சு, எங்க ஊர்ப் பக்கம் இன்னும் அந்த ராத்திரியைப் பேசுறாங்க. பாலத்துல 126 கர்டர் கடலுக்குள்ள போச்சு. ஷெர்சர் பகுதி நின்னுச்சு. சரி பண்ண வந்தவர் ஈ. ஸ்ரீதரன், அப்ப வயசு 32. புதுசா கர்டர் செஞ்சு வரணும்னா மாசக்கணக்குல ஆகும். அப்பதான் மீனவர்கள், கர்டரெல்லாம் கடலடியில கிடக்குன்னு தகவல் குடுத்தாங்க. தூக்கி எடுத்து, சரி பண்ணி, திரும்ப வச்சாங்க. 46 நாள்ல ரயில் ஓடுச்சு.

அதே பாலத்துல 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்தினாங்க. இந்த முறை பழசைத் தூக்கி வைக்கலை. முழுக்கப் புதுசா, நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேரா மேல போற பாலம், 2025 ஏப்ரல் 6-ல திறந்துச்சு. 1964-ல மிச்சத்தை எடுத்து வச்சது சரி. 2022-ல மிச்சத்தை நம்பாம விட்டதும் சரி. எதை வச்சுக்கணும், எதை மாத்தணும்னு ஒவ்வொரு முறையும் பொருளைப் பார்த்துத்தான் முடிவு பண்ண முடியும்.

சத்தம்

புது பிரிட்ஜைப் பழைய ஓட்டையிலேயே முடுக்கினேன். புதுக் கம்பி போட்டேன். மாமா கம்பியைத் தடவிப் பார்த்துட்டு, "நாங்கள்லாம் பழைய கம்பியைக் கழட்டி வெந்நில கொதிக்க வச்சுத் திரும்பப் போடுவோம்" என்றார். உள்ளேயிருந்து அத்தை, "ஆமா, என் சோத்துப் பானையில" என்றார்.

மாமாவுக்கு இப்ப இடது கை சுண்டு விரல் மடங்காது. மூணு விரலை வச்சுத் தடவித் தடவி ஒரு பழைய வரியை வாசிச்சாரு. பன்னெண்டாவது ஃபிரெட்ல நிறுத்தி, திறந்த கம்பியோட ஒத்துப் பார்த்தாரு. சுருதி சேர்ந்துச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு. இவ்வளவும் மாத்தின பிறகு இது அவரோட கிட்டார்தானா? இல்ல, நான் வேற ஒண்ணைச் செஞ்சு அவர் மடியில வச்சுட்டேனா? கேட்டே கேட்டுட்டேன்.

"பழைய சத்தம் இல்ல மாப்ள. இது கொஞ்சம் கணீர்னு இருக்கு" என்றார். அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "பழைய சத்தம் நல்லா இருந்துச்சுன்னு யாரு சொன்னா? அஞ்சு காசு மேல நின்ன சத்தம்டா அது."

பழைய சேடில் நாலும், மாவாப் போன அந்தக் காசும், ஒரு டப்பாவுல போட்டுக் கிட்டார் பெட்டிக்குள்ளயே இருக்கு. கிட்டாரை நான் சென்னைக்கு எடுத்துட்டு வரலை. அது மண்டபத்துலதான் இருக்கு, பரண்ல இல்ல, கூடத்துல.

உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஏதாவது இருந்தா, கழட்டுறதுக்கு முன்னாடி அதை வச்சிருந்தவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அடியில எதுக்கு காசு இருக்குன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும்.